ஒரே சட்டப் பிரிவில் இரண்டு குழல்கள்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை வழக்கறிஞர்கள்தான் புரட்டுவார்கள். முதல் துப்பாக்கி வாங்க நினைப்பவரும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மறுக்கத் தக்க காரணம் இல்லாதபோது எந்தெந்தத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும் என்று அதன் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல்வாய் வழியே மருந்து திணிக்கும் துப்பாக்கி அங்கே இடம்பெறுகிறது. அதற்கு அடுத்த கூறில், ரைபிள் கிளப் உறுப்பினர் குறிபார்த்துப் பழகுவதற்கான பாயிண்ட் 22 ரைபிளும் ஏர் ரைபிளும் வருகின்றன. வயலும் விளையாட்டரங்கும் ஒரே பக்கத்தில் அண்டை வீட்டுக்காரர்களாகிவிட்டன.

வண்டலூரில் எங்கள் தெருவிலுள்ள கல்லூரி மாணவன் ஒருவன், "சார், முதல் துப்பாக்கின்னா எது சரி?" என்று கேட்டதிலிருந்து இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, காவல்துறைக் குறிப்புகளில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று எழுதப்படும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. மற்றது, 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள்.

முதற்பார்வையில் இவற்றுக்குள் உறவே இல்லை. நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பானது; ஏர் ரைபிளின் குழலில் குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளங்கள் உண்டு. முன்னது கரிமருந்தின் நெருப்பால் இயங்குகிறது. பின்னது அடைத்த காற்றால். நாட்டுத் துப்பாக்கி புகையும் பேரோசையுமாகப் பாயும். ஏர் ரைபிள் ஒரு சிறு தட்டலோடு முடித்துக்கொள்ளும். அந்த ஓசையிலேயே இரண்டின் வேலையும் பிரிந்துவிடுகிறது. ரவை போடாமல் மருந்தை மட்டும் வெடித்தாலும் பன்றிக்கூட்டம் கலையும் என்பது கொல்லையில் காவலிருந்தவர்களுக்குத் தெரியும். அரங்கில் அமைதியைத்தான் தேடுகிறோம்.

ஆனால் குதிரையை அழுத்தும் கணத்துக்கு வாருங்கள். நாட்டுத் துப்பாக்கியில் சுத்தி கேப்பின்மேல் விழுந்து, தீப்பொறி சிறு துளை வழியே உள்ளே ஓடி, மருந்து பற்றிய பிறகே ரவை கிளம்புகிறது. ஏர் ரைபிளில் இத்தனை படிகள் இல்லை. ஆயினும் அதன் குண்டு விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் வெளியேறுகிறது. சாதாரண பாயிண்ட் 22 தோட்டாவின் வேகத்தில் அது ஏறக்குறையப் பாதி. ஆக இரண்டிலும், கை தன் வேலையை முடித்துவிட்டதாக நினைக்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கிறது. அதற்குள் தோள் அசைந்தாலோ, கன்னம் கட்டையை விட்டு எழுந்தாலோ குறி தவறிவிடும். சுட்ட பிறகும் அசையாமல் நிற்கும் பழக்கத்தை இரண்டுமே வற்புறுத்துகின்றன. அதிவேக நவீன ரைபிள் இந்தப் பிழையில் ஒரு பங்கை மறைத்துவிடும், இவை மறைப்பதில்லை. முதல் துப்பாக்கியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய நேர்மை இதுதான்.

இன்னொரு உறவு என்னை உண்மையில் வியப்பில் ஆழ்த்தியது. ஏர் ரைபிளின் ஈயக்குண்டை உள்ளங்கையில் கவிழ்த்துப் பாருங்கள்: இடுப்பு சிறுத்து, பின்புறம் குடைந்து, பாவாடைபோல் விரிந்திருக்கும். காற்று அழுத்தும்போது அந்த விளிம்பு குழலின் வரிகளோடு இறுகிக்கொள்கிறது. இதே வித்தையைத்தான் பிரெஞ்சுப் படை அதிகாரி மினியே 1840-களின் இறுதியில் குழல்வாய் ரைபிளுக்காகக் கையாண்டார். எளிதாக உள்ளே இறங்கும் அளவுக்குச் சிறிய குண்டு, வெடிக்கும்போது பின்குழி விரிந்து வரிகளைப் பற்றும். 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் பெயர்பெற்ற என்ஃபீல்டு ரைபிளின் குண்டும் இந்த வழியில் வந்ததே. இன்று பத்து மீட்டர் அரங்கில் பறக்கும் குண்டும் அந்தக் கொள்கையையே சுமக்கிறது.

பராமரிப்பில் வேற்றுமை பெரிது. கரிமருந்தின் எச்சம் ஈரத்தை இழுக்கும். அன்றே வெந்நீரால் கழுவித் துடைக்காவிட்டால் நம் கடற்காற்றில் குழல் துருவேறத் தொடங்கிவிடும். ஏர் ரைபிள் குழலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆயினும் 200 பார் அளவுக்குக் காற்றடைக்கும் உருளையில் ஈரக்காற்றை ஏற்றினால் உள்ளே நீர் தங்கி உலோகத்தை அரிக்கும். சென்னைப் புழுக்கம் இரண்டுக்கும் பகை.

குழலின் முன்னே நிற்பது எது என்ற கேள்வியில்தான் இரண்டும் முற்றாக விலகுகின்றன. எங்கள் மாடியிலிருந்து வண்டலூர்க் காப்புக்காடு தெரியும். புள்ளிமான்கள் உலவும் காடு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அங்கே வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அது நல்லது என்றே நினைக்கிறேன். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக்கூட, காட்டெல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம் என்றுதான் 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்தது. உழவரின் துப்பாக்கிக்கு மிஞ்சியது பெரும்பாலும் ஓசை மட்டும். ஏர் ரைபிளின் இலக்கோ காகிதத்தில் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக் கோப்பைத் தங்கங்களை வென்றது அந்தப் புள்ளியைத் தேடித்தான்.

குழல்வாய் ரைபிளைக் கொண்டே விளையாட முடியாதா என்றால், உலகில் முடியும். 1971 முதல் நடந்துவரும் பன்னாட்டுப் போட்டிகளில் 30 நிமிடத்தில் 13 முறை சுட வேண்டும். சிறந்த 10 கணக்கில் சேரும். ஏர் ரைபிளில் 75 நிமிடத்தில் 60. நம் சட்டத்தின் அந்த இரண்டு கூறுகளோ குழல்வாயை வயலுக்கும், குறிப்பயிற்சியை பாயிண்ட் 22-க்கும் ஏர் ரைபிளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டன. குறிப்பயிற்சிக்குக் குழல்வாய் ரைபிள் கேட்பவர், 'தக்க காரணம்' காட்ட வேண்டிய மூன்றாவது வாசலில் நிற்க நேரும்.

அந்த மாணவனுக்கு ஏர் ரைபிளையே சொன்னேன். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, 20 ஜூலுக்குள் ஆற்றல் அடங்கும் 4.5 மில்லிமீட்டர்த் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. வாங்கியதும் கிளப்பில் சேரச் சொன்னேன். குதிரையை அழுத்திய பின், கேப் வெடித்து மருந்து பற்றக் காத்திருப்பவனைப்போல மனத்துக்குள் இரண்டு எண்ணும்வரை கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காதே என்றும் சொல்லியனுப்பினேன்.