பெயருக்குள் அடங்காத நோய்

1690களில் பெர்னார்ட் கானர் என்னும் அயர்லாந்து மருத்துவர், பிரான்சில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டை விவரித்தார். முள்ளெலும்புகளும் விலா எலும்புகளும் இடுப்பும் இறுகி ஒரே எலும்பாகியிருந்தன. அவருடைய இதயம் எப்படித் துடித்தது என்பதை எலும்பு சொல்லாது.

1890களில் பெக்தெரெவ், ஸ்ட்ரூம்பெல், பியர் மரீ ஆகியோர் இந்நோயை உயிருள்ளோரிடம் விவரித்தனர். நிலைத்த பெயரோ 'ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்': வளைவு, முள்ளெலும்பு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது. பெயர், நோயைச் சுட்டுவதோடு மருத்துவரின் பார்வையையும் முதுகிலேயே நிறுத்திவிடுகிறது.

1906இல் சுனாவோ தவாரா, இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் முடிச்சை விவரித்தார். அது பெருந்தமனியின் அடிப்பகுதிக்கு வெகு அருகில் உள்ளது. முதுகை இறுக்கும் அழற்சி சிலரிடம் அப்பகுதியையும் பற்றும்; அங்கிருந்து கீழிறங்கித் தழும்பாகும். கடத்தல் தடைபடும், நாடி மந்தமாகும், மயக்கம் வரும். முதுகுவலிக்காரர் மயங்கி விழுந்தால் இதயத்தை யார் நினைப்பார்?

1973இல் எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபுக் குறியீட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஒரே காலத்தில் வெளிப்பட்டது. 1980களில் ஸ்வீடனில் லென்னார்ட் பெர்க்பெல்ட்டும் உடனுழைத்தோரும் கேள்வியைத் திருப்பிப் போட்டனர். முதுகுநோயாளிகளிடம் இதயக் கோளாறைத் தேடாமல், பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட ஆண்களிடம் முதுகுநோயைத் தேடினர். எதிர்பார்த்ததைவிட மிகுதியாகவே கிடைத்தது. அக்குறியீட்டைக் கொண்டிருந்தும் முதுகில் நோயே இல்லாதவர்களும் அவர்களிடையே இருந்தனர்.