தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் கணிதப் பாடங்கள்

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளில் கணிதம் 10ஆம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாகும். 11ஆம், 12ஆம் வகுப்புகளில் அது விருப்பப் பாடமாகிறது. இவ்வகுப்புகளில் "கணிதம்", "வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்" ஆகிய இரண்டும் முதன்மையான கணிதப் பாடங்களாகும். மாணவர் இவற்றுள் ஒன்றைக் கொண்ட பிரிவையோ கணிதமே இல்லாத பிரிவையோ தேர்ந்தெடுக்கலாம். ஏறத்தாழ 15 வயதில் எடுக்கப்படும் இம்முடிவு, பின்னர் எந்தப் பட்டப்படிப்பில் சேர இயலும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் வால்பாறை போன்ற மலைப்பகுதிகளில், எட்டும் தொலைவிலுள்ள பள்ளியில் எந்தப் பிரிவு உள்ளது என்பதும் இம்முடிவைப் பாதிக்கிறது.

வரலாறு

1978க்கு முன் தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பு 11 ஆண்டுகள் கொண்டதாக இருந்தது. அதன்பின் மாணவர்கள் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்றனர். 1978இல் மேல்நிலைக் கல்வி (+1, +2) தொடங்கப்பட்டதும் அந்நிலைப் பாடங்கள் பள்ளிக்கே வந்தன. கல்லூரி இல்லாத ஊர்களுக்கு இது பெரும் மாற்றமாகும்.

2010–11 வரை மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக்குலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு முறைகள் தனித்தனியே இருந்தன. மெட்ரிக்குலேசன் 10ஆம் வகுப்பில் கணிதத்துக்கு இரண்டு தாள்களும் மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரே தாளும் இருந்தன. சமச்சீர்க் கல்வி 2010–11இல் 1, 6ஆம் வகுப்புகளில் அறிமுகமானது. 2011 ஆகத்து மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 10ஆம் வகுப்பு வரை நடைமுறைக்கு வந்து, இவ்வேறுபாட்டை நீக்கியது. இன்றைய பாடநூல்கள் 11ஆம் வகுப்புக்கு 2018–19இலும், 10, 12ஆம் வகுப்புகளுக்கு 2019–20இலும் வெளிவந்தன.

10ஆம் வகுப்புக் கணிதம்

உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும் என எட்டு இயல்கள் உள்ளன. மேல்நிலைக் கணிதத்துக்கு இவற்றுள் இயற்கணிதமும் முக்கோணவியலும் அடித்தளமாகும். இவ்விரண்டிலும் பயிற்சி குறைந்தவர்களுக்கு 11ஆம் வகுப்பின் தொடக்கமே கடினமாகிவிடுகிறது.

மேல்நிலைப் பாடங்கள்

கணிதம்: 11ஆம் வகுப்பில் கணங்கள், முக்கோணவியல், ஈருறுப்புத் தேற்றம், அணிகள், வெக்டர் இயற்கணிதம், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், நிகழ்தகவு முதலியன இடம்பெறுகின்றன. 12ஆம் வகுப்பில் கலப்பு எண்கள், சமன்பாட்டியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவுப் பரவல்கள், தனிநிலைக் கணிதம் முதலியன உள்ளன. பொறியியலுக்கும் இயற்பியலுக்கும் தேவையான கணிதம் இதுவே.

வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்: இதிலும் அணிகளும் நுண்கணிதமும் உண்டு. எனினும் நிதியியல் கணிதம், ஒட்டுறவு, குறியீட்டெண்கள், செயல்முறை ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு முதன்மை தரப்படுகிறது. பல கிடங்குகளிலிருந்து பல கடைகளுக்கு மிகக் குறைந்த செலவில் சரக்கு அனுப்புவது எவ்வாறு என்பது போன்ற போக்குவரத்துக் கணக்குகள் இப்பாடத்துக்கு உரியவை. இது "எளிய கணிதம்" எனக் கருதப்படுவதுண்டு. நோக்கம் வேறு என்பதே சரியான விளக்கம்.

பாடப்பிரிவுகள்

கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியலையோ கணினி அறிவியலையோ கொண்டவை பொதுவாக "முதல் பிரிவு" எனப்படுகின்றன. தாவரவியல், விலங்கியல் கொண்ட தூய அறிவியல் பிரிவில் கணிதம் இல்லை. வணிகவியல் பிரிவுகளில் சிலவற்றில் மட்டுமே வணிகக் கணிதம் உள்ளது. எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பிரிவுகளும் இருப்பதில்லை.

தேர்வு முறை

முன்னர் +2 கணிதத் தாள் 200 மதிப்பெண்களுக்கு நடத்தப்பட்டது. தற்போது எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10 என மொத்தம் 100 மதிப்பெண்கள். 11ஆம் வகுப்புப் பாடங்களை நடத்தாமல் நேரடியாக 12ஆம் வகுப்புப் பாடங்களைத் தொடங்கும் வழக்கத்தைத் தடுக்கும் நோக்கில், 2017–18இல் +1க்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025 ஆகத்தில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியிடப்பட்டபோது, 2025–26 முதல் அத்தேர்வு நீக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நுண்கணிதத்தின் அடிப்படைகள் 11ஆம் வகுப்பில்தான் உள்ளன என்பதால், தேர்வு இல்லாவிடினும் அவ்வாண்டுப் பாடத்தைத் தவிர்க்க இயலாது.

பொறியியல் சேர்க்கையில் கணிதம்

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புகளுக்கு 1984 முதல் நுழைவுத்தேர்வு நடத்தப்பட்டது. 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வாயிலாக அது நீக்கப்பட்டு, 2007–08 முதல் +2 மதிப்பெண்களே அடிப்படையாயின. தரவரிசை 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50.

எடுத்துக்காட்டாக, கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 70 பெற்றவரின் தரவரிசை மதிப்பெண் 90 + 40 + 35 = 165. அதாவது கணிதத்தின் ஒரு மதிப்பெண், இயற்பியலின் இரண்டு மதிப்பெண்களுக்கு இணையாகும். 2021 முதல், 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்படுகிறது. கணிதப் பிரிவை எடுக்காதவர் இவ்வழியில் பொறியியலில் சேர இந்த ஒதுக்கீடும் உதவாது.

வால்பாறையில்

வால்பாறை, ஆனைமலைத் தொடரில் அமைந்த தேயிலைத் தோட்டப் பகுதியாகும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கு வர வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயதுக்குட்பட்ட தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேல் உள்ள தோட்டங்களில் கல்வி வசதி செய்யுமாறு முதலாளிகளைப் பணிக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. அவ்வயது வரம்பு தொடக்க, நடுநிலைக் கல்வியோடு நின்றுவிடுகிறது. மேல்நிலைக் கல்விக்குத் தோட்டத்திலிருந்து நகரத்துக்கோ, மலையிறங்கிப் பொள்ளாச்சிக்கோ செல்ல நேர்கிறது. விரும்பிய பிரிவு அருகில் இல்லையெனில் விடுதியில் தங்கிப் படிப்பது அல்லது இருக்கும் பிரிவில் சேர்வது என்ற நிலை ஏற்படுகிறது. பிந்தையதைத் தேர்ந்தவருக்குக் கணிதம் 10ஆம் வகுப்போடு முடிந்துவிடவும் கூடும்.

பாரதியார் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் அரசுக் கல்லூரியான கலை அறிவியல் கல்லூரி வால்பாறையில் உள்ளது. பட்டப்படிப்புக்கு மலையிறங்க வேண்டிய கட்டாயத்தை இது குறைத்துள்ளது. எனினும் கணிதப் பட்டப்படிப்புக்கு +2 கணிதமே அடிப்படைத் தகுதியாகும்.

மாற்று வழி

+2இல் கணிதம் படிக்க வாய்ப்பில்லாதவர்களுக்குப் பல்தொழில்நுட்பக் கல்லூரி மற்றொரு வழியாகும். 10ஆம் வகுப்புக்குப் பின் 3 ஆண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். அதில் பொறியியலுக்கான கணிதமும் கற்பிக்கப்படுகிறது. பட்டயம் பெற்றோர் பொறியியல் பட்டப்படிப்பின் 2ஆம் ஆண்டில் நேரடியாகச் சேர விண்ணப்பிக்கலாம். 1957இல் தொடங்கப்பட்ட பொள்ளாச்சி நாச்சிமுத்து பாலிடெக்னிக் கல்லூரி இவ்வட்டாரத்தின் பழமையான பல்தொழில்நுட்பக் கல்லூரிகளுள் ஒன்று. எனவே 10ஆம் வகுப்பு முடித்தவர், பள்ளியில் இருக்கும் பிரிவுகளை மட்டுமன்றி இவ்வழியையும் கருத்திற்கொண்டு முடிவெடுப்பது நன்று.