கடலூர்க் கடலில் ஒரு ஷிப்ட் மாற்றம்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "நெய்வேலியில் இருக்கிறாய், நிலக்கரி பற்றி எழுதேன்" என்றார்கள். அதைப் பற்றி எழுதாதவர் யார்? இங்கிருந்து பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கடலூர். சில்வர் பீச்சில் சுண்டல் சாப்பிட்டபடி நாம் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கடலில் 1783-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி 33 போர்க்கப்பல்கள் மோதின. ஆங்கிலேயர் பக்கம் அட்மிரல் ஹியூஸ், 18 கப்பல்கள். பிரெஞ்சுக்காரர் பக்கம் சுஃப்ரென், 15 கப்பல்கள். காரியத்தைச் சாதித்தவர் குறைந்த கப்பல் வைத்திருந்தவர்தான். எப்படி என்பதுதான் விஷயம்.

முதலில் நம்ம கரையைப் புரிந்துகொள்ள வேண்டும். சோழமண்டலக் கரையில் அந்நாளில் இயற்கைத் துறைமுகம் என்று ஒன்றுமே கிடையாது. ஆற்று முகத்துவாரங்களில் மணல் திட்டு. ஓதம் ஏறினாலும் உயர்வது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதை நம்பிப் பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு, ஆளையும் சாமானையும் மசூலாப் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். அக்டோபர் வந்தால் வாடைக்காற்று, நீரோட்டமும் தெற்கே திரும்பும், கூடவே புயல். 2011 டிசம்பரில் 'தானே' வந்த ராத்திரியை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பாய்மரக் கப்பற்படைக்கு இங்கே ஏறத்தாழ எட்டு மாதம்தான் வேலை. மழைக்காலத்தை எங்கே கழிப்பது என்பதே பெரிய திட்டம். 1782 ஆகஸ்டு கடைசியில் சுஃப்ரென் திருகோணமலையைப் பிடித்துக்கொண்டார். அக்டோபர் 15-ஆம் தேதி சென்னையில் அடித்த புயலில் அரிசி ஏற்றி வந்த படகுகள் பல நொறுங்கின. ஊரெல்லாம் பஞ்சம் தலைவிரித்தாடிய நேரம் அது. ஹியூஸ் கப்பல்களைப் பழுதுபார்க்கப் பம்பாய்க்கே சுற்றிப் போனார். சென்னைக்குத் திரும்பியது 1783 ஏப்ரலில். சுஃப்ரென் சுமத்திராவின் அச்சே துறைக்குப் போய் ஒதுங்கினார். டிசம்பரிலேயே அங்கிருந்து கிளம்பி, பிப்ரவரியில் கடலூருக்கு வந்துவிட்டார். எதிரி வருவதற்கு இரண்டு மாதம் முந்திக்கொண்டார் என்று அர்த்தம்.

ஜூன் மாதம் ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட் கடலூரை முற்றுகையிட்டார். அவர் படை கேப்பர் மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடந்தது. அதற்கு வேண்டிய தளவாடங்கள் கப்பலில்தான் வந்தாக வேண்டும். கோட்டைக்குள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. 13-ஆம் தேதிச் சண்டையில் மட்டும் இரு தரப்பிலும் சேர்த்து ஆயிரம் பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். கடலைப் பிடிப்பவனுக்கே கடலூர் என்ற நிலை.

சுஃப்ரெனிடம் கப்பல் இருந்தது, ஆள் இல்லை. நோயிலும் முந்தைய சண்டைகளிலும் மாலுமிகள் கரைந்திருந்தார்கள். காற்றைப் பார்த்துப் பார்த்துக் கரையோரமாக வந்து, 17-ஆம் தேதி கடலூருக்கு எதிரே நங்கூரம் போட்டார். புஸ்ஸியிடம் 1,200 பேரைக் கடனாக வாங்கினார். வெள்ளையரும் நம்ம நாட்டுச் சிப்பாய்களுமாகப் பீரங்கி இழுக்க ஏற்றிக்கொண்டார். இதுதான் நான் தலைப்பில் சொன்ன ஷிப்ட் மாற்றம். ஹியூஸுக்கோ ரிலீவரே கிடையாது! குடிதண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. ஸ்கர்வி நோயில் ஆட்கள் சுருண்டு கிடந்தார்கள்.

20-ஆம் தேதி மாலை நாலு மணி சுமாருக்குச் சண்டை ஆரம்பித்து இருட்டும்வரை மூன்று மணி நேரம் நடந்தது. இரு பக்கமும் ஏறக்குறைய நூறு நூறு பேர் மாண்டார்கள். ஒரு கப்பல்கூட முழுகவில்லை. ஆனால் தண்ணீரில்லாத ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். சுஃப்ரென் கடலூருக்கு வந்து, வாங்கிய ஆட்களைத் திருப்பிக் கொடுத்ததோடு, தன் ஆட்கள் ஆயிரம் பேருக்கு மேலும் இறக்கிவிட்டார். முற்றுகையிட்ட ஸ்டூவர்ட்டே மாட்டிக்கொண்டார்.

இங்கேதான் கதை மனசைப் பிசைகிறது. ஜூன் கடைசியில் சென்னையிலிருந்து வெள்ளைக்கொடியோடு ஓர் ஆங்கிலக் கப்பல் வந்தது. பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20-ஆம் தேதியே வெர்சேல்ஸில் சமாதானப் பூர்வாங்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டன என்றது! அதாவது, முடிந்துபோன யுத்தத்துக்காக ஐந்து மாதம் கழித்து நம் கடலூரில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். கரையேற மசூலாப் படகுக்குக் காத்திருந்த மாதிரி, உயிர் பிழைக்கச் செய்திக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

சுரங்கத்தில் நாங்களும் மழையைப் பார்த்துத்தான் திட்டம் போடுகிறோம். பம்ப் எத்தனை, ஆள் எத்தனை, ரிலீவர் வந்தாச்சா என்பதுதான் தினசரிப் பாட்டு. சுஃப்ரென் அதில் கெட்டிக்காரர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஷிப்ட் முடிந்து லாக் புத்தகத்தில் எழுதும்போது எனக்கு நினைவு வருவது அவர் இல்லை. கடனாகக் கப்பலேறி, எதற்கென்று தெரியாமலே பீரங்கி இழுத்த அந்த 1,200 பேர்தான். அடுத்த ஷிப்டுக்குப் போக வேண்டிய சேதியில் ஒரு வரியைக்கூட விடக்கூடாது என்று அப்போது தோன்றும்.

அடுத்த முறை சில்வர் பீச் போனால், அந்தக் கடலை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள் நண்பர்களே.