பேச்சறி மாதிரிகளின் வெளியீட்டு நிலையும் ஆவணமும்: கொங்கு வழக்கை முன்வைத்து

2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் 'விஸ்பர்' என்னும் பேச்சறி மாதிரியைப் பொதுவில் வெளியிட்டது. பயிற்சிக்கான மொத்த ஒலிப்பதிவு 6,80,000 மணிநேரம், அதில் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் பயிற்சிக்கு 136 மணிநேரம் என அதன் ஆய்வுக் கட்டுரை கணக்குக் காட்டியது, வட்டாரம் சுட்டவில்லை. ஒலிப்பதிவுகளும் வெளிவரவில்லை. 2023 மார்ச்சில் அது மேகக்கணினிச் சேவையாகவும் கிடைத்தது.

சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ ஃபார் பாரத்' 2024இல் வெளியிட்ட 'இண்டிக்வாய்சஸ்' தொகுப்போ, 22 மொழிப் பேச்சுகளைப் பேசியோரின் மாவட்டக் குறிப்புடன் தந்தது.

கோவை கணபதியில் வழங்கும் 'ஏனுங்க' என்னும் விளியை ஒரு மாதிரி பிழைபட எழுதினால், பயிற்சியில் கொங்கு வழக்கு இடம்பெற்றதா என்பதை இத்தகைய குறிப்பு கொண்டே ஆராய இயலும். மேகக்கணினியில் மட்டும் இயங்கும் மாதிரி மாற்றப்பட்டால் பழைய முடிவை மறுசோதனை செய்ய வழியில்லை. எனவே, பதிப்பாசிரியர் சுவடி விவரம் தருவதுபோல், மாதிரியின் பதிப்பெண்ணையும் பயன்படுத்திய நாளையும் ஆய்வாளர் பதிவுசெய்தல் வேண்டும்.