சாவலை விற்கச் சொன்ன காலம்

தொடுவெட்டிச் சந்தையில் கோழி வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் காலைப் பிடித்துத் தூக்கி, "பெட்டையா, சாவலா?" என்றுதான் கேட்பார்கள். முட்டைக்கு வளர்க்கிறவருக்குப் பெட்டை, நேர்ச்சைக்கும் விருந்துக்கும் சாவல். மார்த்தாண்டம் என்ற பெயர் நிலைத்து எத்தனையோ காலமாகியும் எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்துப் பழைய ஆட்கள் அந்த இடத்தைத் தொடுவெட்டி என்றே சொல்கிறார்கள். அங்கேதான், நூறு வருடங்களுக்கு முன்னால், கோழி முட்டையை வைத்துக் கிராமத்தை நிமிர்த்தப் பார்த்தார்கள்.

அப்போது இது திருவிதாங்கூர். ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் பணியைத் தொடங்கிவைத்தவர் சேலத்துக்காரரான கே.டி.பால். அந்தப் பணியின் ஒரு மையம் 1920களில் மார்த்தாண்டத்தில் அமைந்தது. நடத்தியவர் டி. ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தேனீ, நெசவு, பனைவெல்லம் என்று பல வேலைகள் நடந்தன. மார்த்தாண்டம் தேன் இன்றும் பேர் சொல்கிறது. கோழியின் கதைதான் மறந்துபோயிற்று. வெள்ளை லெகார்ன் சாவலை நாட்டுப் பெட்டையோடு சேர்த்து முட்டையின் அளவைப் பெருக்குவது, வீட்டு முட்டைகளை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுறவாக விற்பது என்று திட்டம் போட்டார்கள். ஹேட்ச் எழுதி 1932இல் வெளியான புத்தகத்தால் மார்த்தாண்டத்தின் பெயர் கடல் கடந்தது.

முட்டை வியாபாரத்துக்கு எதிரி கள்ளனோ கீரியோ இல்லை, கரு. சாவல் மிதித்த முட்டைக்கு நம் ஊர் வெயிலில் அடைக்கோழி கூட வேண்டாம். வெக்கையில் கிடந்தாலே கரு அசையத் தொடங்கிவிடும். இருட்டறையில் விளக்குக்கு முன்னால் முட்டையைப் பிடித்தால் உள்ளே சிலந்தி காலை நீட்டினாற்போல சிவப்பு நரம்பு தெரியும். அந்தக் கரு பாதியில் செத்தால் நரம்பெல்லாம் ஒதுங்கி ஒரு இரத்த வளையம் மட்டும் நிற்கும். அதைப் பட்டணத்துக்கு அனுப்பினால் வாங்கியவர் மறுபடி வரமாட்டார். சாவல் இல்லாத பெட்டையும் முட்டையிடும்; அதில் கரு இல்லை, நாள்பட நிற்கும். அமெரிக்காவில் 1910களிலேயே இதைப் பெரிய பிரச்சாரமாக நடத்தினார்கள். குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் சாவல்களையெல்லாம் ஒரே நாளில் விற்றுத் தீர்க்க 'சாவல் நாள்' என்றே ஒன்று வைத்தார்கள். ஹேட்ச் அந்தச் சிந்தனையில் ஊறி வந்த மனிதர்.

சாவலை விற்கச் சொல்வது சுலபம். எங்கள் ஊரில் சாவல் வெறும் முட்டைக்குக் கரு கொடுக்கும் பிராணி மட்டும் இல்லையே. சுடலைமாடன் கொடைக்கு அது வேண்டும். அறுப்பின் பண்டிகையில் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோய், அங்கேயே ஏலத்தில் போட்டிபோட்டு எடுப்பதும் அதைத்தான். மருமகன் வந்தால் அறுப்பதும் அதுவே. முட்டைக் கணக்கு மட்டும் போட்ட நிபுணர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அதோடு, விற்பதற்கு முதலில் எது சாவல் என்று தெரியவேண்டும். கூர்முட்டை சாவல், உருண்டை பெட்டை என்று அடைவைக்கும்போதே பிரிக்கிற வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. ரோமாபுரியில் கொலுமெல்லா முதல் நூற்றாண்டில் இதையேதான் எழுதினார். அவருக்கு முந்தைய கிரேக்க அரிஸ்டாட்டிலோ நீண்ட கூர்முட்டை பெட்டை என்று தலைகீழாகச் சொன்னார். இரண்டு பேரும் தப்பு. முட்டையின் வடிவம் அதை இட்ட கோழியின் உடல்வாகு. ஒரே கோழி கூர்முட்டையாகவே இட்டுக்கொண்டிருக்கும், அதிலிருந்து இரண்டு வகையும் பொரிக்கும். பாட்டி பேச்சுக்கு இதைச் சொல்வாளே தவிர, நம்பியது வேறொன்றை. குஞ்சு வளர்ந்து மூன்று மாதம் ஆகும்போது பிடித்து மடியில் வைத்து, பிடரித் தூவலை விரலால் விரித்துக் காட்டுவாள்.

"கொண்டையப் பாக்காத மக்களே, கொண்டை ஏமாத்தும். கழுத்தப் பாரு. நுனி கூர்ந்து மினுங்குனா சாவலாக்கும், உருண்டு மங்கிக் கெடந்தா பெட்டை."

இது பிசகாது. ஆனால் அதற்குள் சாவல் மூன்று மாதத் தவிடும் குருணையும் தின்று முடித்திருக்கும். பொரித்த அன்றைக்கே பிரிக்கிற வித்தையை அதே 1920களில் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். மசுய், ஹஷிமோட்டோ என்ற இருவர் குஞ்சின் கழிவாயைப் பிதுக்கி உள்ளே இருக்கும் சிறு முண்டைப் பார்த்துச் சொல்லலாம் என்றார்கள். 1927இல் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழி மாநாட்டுக்குப் பிறகு அது எங்கும் பரவியது. முட்டைப் பண்ணைகளுக்கு வேண்டாத சாவல் குஞ்சு முதல் நாளிலேயே தனியானது. அதுதான் பச்சையும் ரோஸுமாகச் சாயம் பூசி, கூடையில் எங்கள் தெருவுக்கும் வந்தது. பிள்ளைகள் அழுது வாங்குவார்கள். வளர்ந்ததும் பெரும்பாலும் சாவலாகவே நிற்பது ராசிக் குறைவால் இல்லை. பிரித்துத் தள்ளிய மிச்சம்தான் கூடையில் ஏறியது.

இப்போது என் விளையில் நாட்டுக்கோழியோடு வான்கோழியும் நிற்கிறது. மெக்சிகோவில் மனிதன் பழக்கிய பறவை. 1612இல் முகலாய அதிகாரி முகரப் கான் கோவாவிலிருந்து வாங்கிவந்ததைப் பார்த்து, தலையும் கழுத்தும் நிறம் மாறுவதில் ஜஹாங்கீர் சொக்கிப்போய்க் குறிப்பு எழுதினார். அவருடைய அரசவை ஓவியர் மன்சூர் வரைந்த வான்கோழி இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மார்த்தாண்டத்தை விட்ட ஹேட்ச் அடுத்துப் போய் வேலை செய்ததும் மெக்சிகோவில்தான், தெபோஸ்த்லான் என்ற ஊரில். இது வெறும் தற்செயல். எனக்குப் பிடித்த தற்செயல்.

வான்கோழியில் ஆண் பெண் பிரிப்பது கோழியைவிடப் பொறுமை கேட்கும். சின்னதில் இரண்டும் சிறகை விரித்து ஆடும், அதை நம்பக்கூடாது. மூக்குக்கு மேல் தொங்கும் சதை நீண்டு அலகைத் தாண்டவேண்டும், நெஞ்சில் கருப்பு முடிக்கற்றை முளைக்கவேண்டும். காலையில் கூட்டைக் கூட்டும்போது எச்சத்தைப் பார்த்தாலும் தெரியும்: ஆணுடையது கொக்கி மாதிரி வளைந்து நீளும், பெட்டையுடையது சுருண்டு குவியும். குஞ்சுக்குத் தானாகத் தின்னத் தெரியாது. முதல் இரண்டு வாரம் அவித்த முட்டையை உதிர்த்து, தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்து வைத்துப் பழக்கவேண்டும்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஆணுக்குத்தான் கிராக்கி, எடை அதில்தான். மற்ற மாதங்களில் நான் விற்பது முட்டை. அதைப் பொரித்துத் தின்ன யாரும் வாங்குவதில்லை, நாட்டுக்கோழிக்கு அடியில் 28 நாள் அடைவைக்கத்தான் வாங்குகிறார்கள். அதனால் ஐந்து பெட்டைக்கு ஒரு ஆண் கட்டாயம். வருகிறவர்கள் முட்டையைக் கையில் எடுக்கும் முன்னே விளைக்குள் எட்டிப் பார்த்து, ஆண் நிற்கிறதா என்று உறுதிசெய்துகொண்டுதான் காசை எடுக்கிறார்கள்.