பூசணிக்காய்க்குள் ஒளிந்த ஆறு

'காயை உடைக்காமலே விதையை எண்ணிய முன்னோர்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி ஆண்டுக்கு ஒருமுறையாவது எனக்கு வந்துவிடும். செய்தியின் மூலம் காரிநாயனாரின் கணக்கதிகாரம். காயின் கீற்றுகளை எண்ணி மூன்றாலும் ஆறாலும் ஐந்தாலும் பெருக்க வேண்டும். பிறகு பாதியைத் தள்ளி, மூன்றால் வகுத்தால் விதை எண்ணிக்கை.

எங்கள் நல்லூரில் கீற்றுள்ள காயைப் பரங்கி என்போம். விருத்தாசலத்திலிருந்து ஒன்று வாங்கிவந்தேன். பத்துக் கீற்று. 150 விதை இருக்கணும். 200-ஐத் தாண்டியும் குவியல் குறையவில்லை. "எண்ணி என்னடா ஆவப்போவுது? காயவச்சா வறுத்துத் திங்கலாம்" என்றார் அம்மா.

விதையை விட்டுவிட்டுப் பெருக்கலைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஆறை உள்ளே போட்டு, அதையே இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்து வெளியே எடுத்துவிடுகிறார் புலவர். மிஞ்சுவது மூவைந்து பதினைந்து. 'பதினைந்தால் பெருக்கு' என்று நேராகவே சொல்லியிருக்கலாமே, ஏன் இந்தச் சுற்று?

திண்ணைப்பள்ளி எண்சுவடியில் விடை இருக்கிறது என்பது என் ஊகம். கால் நான்கில் ஒன்று, மா 20-இல், காணி 80-இல், முந்திரி 320-இல், கீழ்முந்திரி 1,02,400-இல் ஒன்று. இந்த எண்களை எப்படி உடைத்தாலும் இரண்டும் ஐந்தும்தான் உதிரும். மூன்று கிடையாது. கீழ்முந்திரியை 21 கூறாக்கிய இம்மி வரை இறங்கினால்தான் மூன்றில் ஒரு பங்கு மிச்சமில்லாமல் வரும். ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்த பையனுக்கு அது பெரும்பாடு. அதனால்தான் வகுக்கப்போகிற மூன்றும் இரண்டும் முன்கூட்டியே பெருக்கலுக்குள் போய்விட்டன. எத்தனை கீற்றானாலும் மீதி விழாது.

1957-இல் நயா பைசா வந்தது, பின்னாலேயே மெட்ரிக் அளவைகள். மாவும் காணியும் கணக்கிலிருந்து போயின. விடுகதை மறைந்து அற்புதம் மட்டும் மிஞ்சியதுதான் எனக்கு வருத்தம்.

அதே நூலின் பலாப்பழக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். காம்பருகே உள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கணும். இங்கே ஐந்து முன்கூட்டி வரவில்லை. 21 முள் என்றால் 126. ஐந்தால் வகுத்தால் 25 போக ஐந்தில் ஒன்று மிச்சம். அதற்குத்தான் 'நாலுமா' என்று பெயர் இருக்கிறதே! பண்ருட்டிப் பலாவில் நாலுமா சுளையை யாரும் தின்றதில்லை. பையன் வாய் தடுக்காமல் சொல்லிவிடுவான்: இருபத்தைந்தே நாலுமா.