ஆர்வலர் றொக்கற்றுகளும் மாத்தளையும்: ஒரு சட்ட வரலாற்று நோக்கு

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் அரசுகளினதும் பெரும் ஆய்வுகூடங்களினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சாதாரண மக்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு றொக்கற்று அமைத்துப் பறக்கவிட்ட முயற்சிகள் அதன் ஓரத்திலேயே நிற்கின்றன. அம்முயற்சிகள் ஒரு நாட்டில் தழைப்பதற்கும் மற்றொன்றிற் கருகுவதற்கும் அறிவின் ஏற்றத்தாழ்வு காரணமன்று. வெடிமருந்தை எவர் கையாளலாம் என்று அரசு வகுத்த விதியே காரணம் என நாம் கருதுகின்றோம். மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து இதனை ஈண்டு ஆராய்வோம்.

1933 இல் லிவர்பூல் நகரில் பிலிப் கிளீற்றர் பிரித்தானியக் கோளிடைக் கழகத்தை நிறுவினார். அக்காலத்தே யேர்மானிய ஆர்வலர் பேர்ளின் நகரருகே திரவ எரிபொருள் றொக்கற்றுகளைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தனர். பிரித்தானியருக்கோ 1875 ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டம் தடையாயிற்று. எனவே அவர்தம் ஆர்வம் கணிப்புகளாகவும் வரைபடங்களாகவும் தாளிலேயே வளர்ந்தது. அக்கழகத்தில் உருவானவருள் ஒருவரே, செய்மதித் தொடர்பு பற்றி 1945 இல் எழுதிய ஆதர் சி. கிளாக்.

கிளாக் 1956 இல் இலங்கையிற் குடியேறி, 2008 இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1979 இல் வெளிவந்த அவரது ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்னும் பொருள்படும் ஆங்கில நாவலில் இடம்பெறும் யக்ககல பாறைக்கோட்டை, மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாவை அடியொற்றியதாகும். அந்நாவல் விண்வெளியை அடையக் காட்டும் வழி றொக்கற்று அன்று, வானளாவும் மின்தூக்கியே. றொக்கற்று செய்யச் சட்டம் இடங்கொடாத கழகமொன்றில் வளர்ந்தவரின் கற்பனை, றொக்கற்றே வேண்டாத உலகை நம் மண்ணிற் கண்டமை சிந்தனைக்குரியது.

அவர் குடியேறிய அதே 1956 இல் இலங்கையின் 21 ஆம் இலக்க வெடிபொருட் சட்டம் இயற்றப்பட்டது. வெடிபொருளை உரிமப்பத்திரத்தின் வாயிலாகக் கட்டுப்படுத்துவதே இத்தகைய சட்டங்களின் இயல்பு. மக்களின் பாதுகாப்பிற்கு இது தேவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கட்டுப்பாடு ஒன்றே வழியன்று என்பதற்கு அமெரிக்க அனுபவம் சான்றாகும்.

அங்கு மாதிரி றொக்கற்று ஆர்வலரின் தேசியச் சங்கம் 1957 இல் தோன்றியது. காலப்போக்கில், 160 நியூற்றன்-செக்கனுக்கு மேற்பட்ட கணத்தாக்குடைய இயந்திரங்கள் உயர்வலு வகுப்பாகப் பிரிக்கப்பட்டன. அமோனியம் பேர்குளோரேற்றை இறப்பர் போன்ற பிணைப்பொருளிற் கலந்து செய்யப்படும் எரிபொருள் அவற்றிற் பெரிதும் பயன்படுகின்றது. பறக்கவிடுவோர் தூரத்தே நின்று மின்சாரத்தாற் பற்றவைப்பர். உச்சியை அடைந்த றொக்கற்று பரசூட்டின் துணையால் நிலம் சேரும். மூன்று படிகளிற் சான்றிதழ் பெற்றோரே பெரிய இயந்திரங்களைக் கையாளலாம். அவ்வெரிபொருளை வெடிபொருளாகப் பட்டியலிட்டமை தகாதென 2009 இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசை எதிர்த்து வாதிட்டவை ஆர்வலர் சங்கங்களே என்பது கவனிக்கத்தக்கது.

மாத்தளை இளைஞனுக்கு வாய்த்த சூழல் முற்றிலும் வேறானது. 1971 ஏப்பிரிற் கிளர்ச்சியில் இளைஞர் கையாற் செய்த குண்டுகள் பயன்பட்டன. 1979 இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1983 யூலையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலும் தமிழரின் கடைகளும் தீக்கிரையாயின. தீ வைத்தோர் தண்டனைக்கு அஞ்சாது உலவிய நாட்டில், குழாயும் மருந்தும் வைத்திருக்கும் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையை ஐயத்துடன் நோக்குவது ஆட்சியின் இயல்பாயிற்று. இந்நிலையிற் பரிசோதனை மனப்பான்மை வேரூன்றவில்லை என அவ்விளைஞரைக் குறைகூறுவது நீதியாகாது.

ஆகவே, பாடசாலைகளிற் பயிற்சி, தகுதிச் சான்றிதழ், மேற்பார்வையுடன் கூடிய திறந்த வெளி ஆகியவற்றை நாம் கோரவேண்டும். நகரத்து வசதிபடைத்த கல்லூரிக்குக் கிட்டும் அவ்வாய்ப்பு தோட்டப் பாடசாலைக்கும் கிட்டுதல் வேண்டும். விஞ்ஞானம் மக்களுடைமை என்பதன் பொருள் இதுவே.